அறுவடைக் காலத்தில் அண்ணியின் கால்

தை பிறந்துவிட்டால் அண்ணி வீட்டில் தங்குவதில்லை. அவர் என் கணவரின் அக்கா. பாபநாசத்தில் எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறார். அவருடைய கணவர் காலமான பிறகு, அவர் நடத்திவந்த இரண்டு நெல் அறுவடை இயந்திரங்களையும் விற்றுவிடும்படி எல்லாரும் சொன்னார்கள். அண்ணி விற்கவில்லை. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, ஈரம் போகாத வயலுக்குச் செயின் வண்டி என்று இரண்டையும் தானே வைத்து வாடகைக்கு விடுகிறார். சம்பா அறுவடை தொடங்கினால் விடியும் முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்த ஊரில் எந்த வயல் அறுப்புக்கு வந்திருக்கிறது, எந்த வாய்க்கால் கரையில் வண்டி இறங்கும், எங்கே இறங்காது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும்.

நான் பக்கத்து ஊர் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. என் கணவருக்கு ஓசூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரிகளில் இருந்தார்கள். ஆக அந்த வீட்டில் கீழே நான், மேலே அண்ணி. இருவருக்கும் சண்டை எதுவும் கிடையாது. பெரிய ஒட்டுதலும் கிடையாது. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுப்பேன். கிண்ணத்தைக் கழுவி, காலியாகத் தரக்கூடாது என்று அதில் இரண்டு வாழைப்பழம் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

அந்த வருடம் அறுவடை மும்முரமாக இருந்த சமயத்தில், ஒரு மாலை கொல்லைப்புறக் குழாயடியில் அண்ணி கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்கப் போனேன். புடவையை அவர் சட்டென்று இறக்கிவிட்ட விதம்தான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"என்ன அண்ணி, கால்ல?"

"ஒண்ணுமில்ல. செயின் வண்டிப் படியில இடிச்சுக்கிட்டேன். மஞ்சள் போட்டிருக்கேன்."

"காட்டுங்க."

"காட்டுறதுக்கு என்ன இருக்கு?"

நான் குனிந்து புடவையை விலக்கினேன். வேறு நாளாக இருந்தால் அவ்வளவு துணிந்திருக்க மாட்டேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பு தட்டுப்படும் இடத்தில், மஞ்சள் காய்ந்து வெடித்த ஒரு புண். அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் சூடு. நெற்றியிலும் காய்ச்சல் இருந்தது.

அண்ணிக்குச் சர்க்கரை உண்டு. "கிளம்புங்க, டாக்டரப் பார்க்கலாம்" என்றேன். நாளைக்கு இரண்டு ஊரில் வண்டி இறங்க வேண்டும், அறுப்பு முடியட்டும் என்றார். நான் ஆட்டோவுக்குப் போன் செய்தேன். ஆட்டோ வாசலில் வந்து நின்ற பிறகு, அடுத்தவரைக் காக்க வைப்பது அவருக்குப் பிடிக்காததால் ஏறிக்கொண்டார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். புண்ணைக் கழுவி, கசிந்த சீழைப் பஞ்சில் தொட்டெடுத்து, பரிசோதனைக்காகத் தஞ்சாவூருக்கு அனுப்பக் குப்பியில் போட்டு மூடினார். பிறகு ஒரு பேனாவை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தை ஒட்டிக் காலைச் சுற்றிக் கோடு போட்டார்.

"தோலுக்கு அடியில கிருமி பரவிக்கிட்டிருக்குதும்மா. இந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு வெளியே வந்தா, நேரம் காலம் பார்க்காம எனக்குச் சொல்லணும். எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

"சின்ன வயசுல பென்சிலின் ஊசி போட்டாங்க. மூஞ்சி வீங்கி, மூச்சு அடைச்சு விழுந்துட்டேன். பிழைச்சதே பெருசுன்னு எங்கம்மா சொல்லும்."

அந்தப் பதிலோடு டாக்டரம்மாவின் முன்னால் இருந்த வழிகளில் பாதி அடைபட்டுப் போனது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. வேறொரு மாத்திரை எழுதினார். அதைப் போட்டும் சிவப்பு கோட்டைத் தாண்டியது. மறுநாள் ஒரு விரற்கடை, அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். காலைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நான்தான் கோட்டைப் பார்த்து டாக்டரம்மாவுக்குச் சொன்னேன்.

பரிசோதனை முடிவு வந்ததும் கூப்பிட்டு அனுப்பினார்.

"முதல்ல கொடுத்த மாத்திரைக்கு இந்தக் கிருமி மசியல. மசியற மருந்துல உங்களுக்கு ஆகக்கூடியது கொஞ்சம்தான். ஊசியா போடணும்னா தஞ்சாவூர்ல படுக்கணும். மாத்திரையா கொடுக்கணும்னா லெவோஃப்ளாக்சசின்னு ஒண்ணு இருக்கு. நல்லா வேலை செய்யும். ஆனா சும்மா எடுத்த எடுப்புல எழுதுற மருந்து இல்ல அது. சாதாரணப் புண்ணுக்கு நான் அதைத் தொடவே மாட்டேன். இப்ப வேற வழி குறைவா இருக்குது, அதனால சொல்றேன்."

அந்த வகை மருந்துகளுக்கு ஃப்ளூரோகுயினலோன் என்று பெயராம். அண்ணி அதைத் திருப்பிச் சொல்ல முயன்று பாதியில் விட்டுவிட்டார்.

டாக்டரம்மா நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து, பால் எதையும் இந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது. சேர்த்தால் மருந்து உடம்பில் ஒட்டாமல் போய்விடும். வெயிலில் அலையக்கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கலாம், கையில் இனிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாகத் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்தக் குதிகாலையே தொட்டுக் காட்டினார்.

"இங்க, குதிகாலுக்கு மேல, கயிறு மாதிரி தசைநார் தட்டுப்படுதுல்ல? இந்த இடத்துல வலி, இழுப்பு, வீக்கம் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாதீங்க. எனக்குப் போன் பண்ணுங்க. ரொம்பப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உங்கள மாதிரி அறுபது வயசு தாண்டினவங்களுக்குக் கொஞ்சம் பயம் உண்டு."

"புண்ணு முன்னாடி இருக்கு. வலி பின்னாடி வருமா?" என்று கேட்டார் அண்ணி.

"வரலாம்."

மருந்து வேலை செய்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். காய்ச்சல் விட்டது. சிவப்பு கோட்டுக்குள் திரும்பி வந்து, பிறகு கோட்டை விட்டு விலகி உள்ளே சுருங்கத் தொடங்கியது. பளபளப்புப் போய்த் தோலில் சுருக்கம் விழுந்தது. அண்ணி முதல் முறையாகத் தன் காலைத் தானே குனிந்து பார்த்தார். "பரவாயில்லயே" என்றார். மறுநாள் காலை ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஓடி வாசலுக்கு வருவதற்குள் அண்ணி தெருமுனை திரும்பியிருந்தார்.

அது சனிக்கிழமை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே ஒரு பெரிய வயல் தாக்கில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வானம் மூடிக்கொண்டு, மழை வருமோ என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நாள். வரப்பில் நாலைந்து பேர் அண்ணியைச் சுற்றி நின்று, என் வயலுக்கு முதலில் வண்டியை விடுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி டிராக்டர் டிரெய்லரில் சாய்ந்து, ஒரு காலில் மட்டும் பாரம் போட்டு நின்றார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். அறுவடைத் தூசி அவருக்கு ஆகாது. வருடா வருடம் இந்தச் சமயத்தில் மூச்சிழுப்பு வரும்.

கூட்டம் விலகியதும் கேட்டேன். "ஏன் அண்ணி ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க?"

"அந்தக் கால் நல்லாத்தான் இருக்கு. புண்ணெல்லாம் வலி இல்ல."

"பின்ன?"

"குதிகால்ல ஒரு இழுப்பு. காலையில கட்டில்ல இருந்து இறங்கும்போதே இருந்துச்சு. ரெண்டு கால்லயும் இருக்குது. இந்தப் புண்ணு கால்ல கூடுதல்."

நான் போனை எடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைத் தொட்டு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

"சொல்லாதே. சொன்னா மாத்திரையை நிறுத்தச் சொல்லிடுவாங்க."

"நிறுத்தணும்னுதானே சொல்லியிருக்காங்க."

"நிறுத்தினா புண்ணு திரும்பிடும். நீ பார்க்கல. நான் பார்த்திருக்கேன்." அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, வயலைப் பார்த்தபடி சொன்னதுதான். "அவருக்குக் கால் கட்டைவிரல்ல ஒரு சின்னக் கொப்புளம். அவ்வளவுதான். அப்புறம் விரலை எடுத்தாங்க. அப்புறம் பாதம். அப்புறம் முட்டிக்குக் கீழ. ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டது நான்தான். ஒவ்வொரு தடவையும் இதோட சரியாயிடும்னு சொல்லித்தான் வாங்கினாங்க. குதிகால் வலிச்சா வலிச்சுட்டுப் போவுது. கால் இருந்தாத்தானே குதிகால்."

அவர் கணவர் சர்க்கரையில் போனார் என்பது எனக்குத் தெரியும். காலை எடுத்ததும் தெரியும். அப்போது நாங்கள் ஓசூரில் இருந்தோம். வந்து பார்த்தோம், பழம் வாங்கிக் கொடுத்தோம், ஊருக்குத் திரும்பினோம். அந்தக் கட்டில் அருகே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர் என்ன பார்த்தார் என்று கேட்டதே இல்லை. குழாயடியில் புடவையை இறக்கிவிட்டது பிடிவாதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீங்க சொன்னதையும் சேர்த்தே டாக்டர்கிட்ட சொல்றேன் அண்ணி. சொல்லாம மட்டும் இருக்க முடியாது" என்றேன். அவர் கையை விட்டார்.

போனில் டாக்டரம்மா இரண்டே கேள்விகள் கேட்டார். பிறகு, "மாத்திரை வேண்டாம். நடக்கவும் வேண்டாம். ஒரு கார் பிடிச்சு இப்பவே கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

கிளினிக்கில் அண்ணியைக் குப்புறப் படுக்க வைத்துக் குதிகாலை அழுத்திப் பார்த்தார். அண்ணி தலையணையைப் பற்றிக்கொண்டார். கெண்டைக்காலை அமுக்கினால் பாதம் அசைகிறதா என்று பார்த்து, "தசைநார் அறுந்து போகல. நல்லவேளை" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா? மூட்டுக்கு, மூச்சுக்கு?"

"சர்க்கரை மாத்திரைதான். மத்தபடி ஒண்ணும் கிடையாது. தூசி மாத்திரை மட்டும்."

"அது என்ன?"

அண்ணி கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். எப்போதோ ஒரு மருத்துவர் மூச்சிழுப்புக்காக எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் அறுவடைச் சமயத்தில் கடையில் அதே அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்கிறார். தலைவலிக்குத் தைலம் தடவுவதை யாரும் மருந்து சாப்பிடுவதாகச் சொல்வதில்லை அல்லவா, அண்ணிக்கு அந்த மாத்திரையும் அப்படித்தான்.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது ஸ்டீராய்டு. இதுவும் அந்த மாத்திரையும் சேர்ந்தா குதிகால் தசைநாருக்குப் பயம் இன்னும் கூடும்."

அண்ணி முகம் சுருங்கியது. "நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்."

"இல்லம்மா. மருந்து ஒத்துக்காம போச்சான்னுதான் கேட்டேன். என்னென்ன சாப்பிடுறீங்கன்னு பையைத் திறந்து காட்டச் சொல்லி நான் கேட்டிருக்கணும். அது என் வேலை. இதையும் இன்னிக்கே நிறுத்திடாதீங்க, குறைச்சுக் குறைச்சுத்தான் விடணும். எப்படின்னு எழுதித் தரேன். மூச்சுக்கு இன்ஹேலர் கொடுக்கிறேன்."

அண்ணி கேட்க நினைத்ததை நானே கேட்டேன். "அப்ப புண்ணுக்கு என்ன மாத்திரை டாக்டர்?"

"இப்போதைக்கு எதுவும் வேண்டாம்."

"எதுவுமே வேண்டாமா?" அண்ணி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. கட்டைப் பிரித்துப் புண்ணைக் காட்டினார். அடிப்பகுதி சிவப்பாக, ஈரம் இல்லாமல் சுத்தமாக இருந்தது. "இதைப் பாருங்க. சீழ் இல்ல. சூடு இல்ல. மாத்திரை செய்ய வேண்டிய வேலையில பெரும்பகுதியைச் செஞ்சிருச்சு. மீதியை உங்க உடம்பு பார்த்துக்கும்னு நினைக்கிறேன். நான் நினைக்கிறது தப்பாவும் இருக்கலாம், அதனால தினமும் பார்ப்போம். கொஞ்சம் திரும்பினாலும் தஞ்சாவூர்ல சேர்த்து ஊசி போட்டுடலாம். உங்க வீட்டுக்காரருக்கு நடந்ததை இவங்க போன்ல சொன்னாங்க. அவருக்குக் கால்ல ரத்த ஓட்டம் நின்னு போயிருக்கும். உங்களுக்கு ஓட்டம் இருக்குது. இங்க கை வையுங்க." அண்ணியின் விரலைப் பிடித்துப் பாதத்தின் மேல் ஓரிடத்தில் வைத்தார். "துடிக்குதா?"

அண்ணி வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு தலையசைத்தார்.

மிச்சமிருந்த சிவப்பைச் சுற்றிப் புதிதாக ஒரு கோடு விழுந்தது.

தஞ்சாவூரில் எலும்பு மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்தோம். தசைநார் வீங்கியிருக்கிறது, கிழியவில்லை என்றார். வலி கூடுதலாக இருந்த காலுக்குப் பெரிய பூட்ஸ் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு, மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அண்ணியின் கட்டில் கீழே எங்கள் கூடத்துக்கு வந்தது.

முதல் சில நாள் அண்ணிக்குக் கோட்டைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும் போன் வரும். "ஒரு பக்கம் சிவந்த மாதிரி இருக்குது." போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்புவேன். "வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது, பயப்படாதீர்கள்" என்று பதில் வரும். ஒருமுறைகூட அவர் சலித்துக்கொண்டதில்லை. சாயங்காலம் கட்டு மாற்றும்போது அண்ணியும் நானும் சேர்ந்து குனிந்து பார்ப்போம். சிவப்பு கோட்டைத் தொடவே இல்லை.

ஆனால் வயலில் நெல் நின்றுகொண்டிருந்தது. வண்டி ஓட்டுபவர் ஆத்தூர்க்காரர், நல்ல கைகாரர். ஓட்டத் தெரியுமே தவிர இந்தப் பக்கத்து வயல்களின் குணம் அவருக்குப் பழக்கமில்லை. பள்ளி விட்டதும் நான் நேராக வயலுக்குப் போனேன். போனில் வீடியோ போட்டு வரப்பில் நின்றால், கூடத்துக் கட்டிலிலிருந்து அண்ணியின் குரல் வரும்.

"கேமராவைக் கீழ காட்டு. வானத்தை ஏன் காட்டுற?"

"இப்பத் தெரியுதா அண்ணி?"

"தெரியுது. செருப்பைக் கழட்டிட்டுக் கால வச்சு அழுத்து. தண்ணி ஊறுதா?"

"லேசா ஊறுது."

"அப்ப டயர் வண்டிய இறக்கச் சொல்லாதே, புதைஞ்சிடும். செயின் வண்டி வரட்டும்னு சொல்லு. அந்தப் பக்கம் ஏன் இருட்டா இருக்கு?"

"கதிர் சாய்ஞ்சு கிடக்குது."

"சாய்ஞ்ச பக்கத்துக்கு எதிர்த்தாப்புல இருந்து அறுக்கச் சொல்லு."

நான் சொன்னேன். ஆத்தூர்க்காரர், "சரிங்க டீச்சர்" என்று வண்டியைத் திருப்பினார். வயலுக்குச் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், என் போனுக்குள் எட்டிப் பார்த்து, "எப்படி இருக்கீங்க, கால் தேவலையா?" என்று அண்ணியை விசாரித்தார். "கால் கெடக்குது, முதல்ல நெல்லை வீடு சேருங்க" என்றது போன். அன்று அந்த வயலை அறுத்து முடித்த பிறகுதான் மழை இறங்கியது. நனைந்துபோய் வீட்டுக்கு வந்தேன். பூட்ஸ் காலை நீட்டியபடியே ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணி எனக்காக ரசம் வைத்திருந்தார். ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டதற்கு, "உட்கார்ந்துதானே வச்சேன்" என்றார்.

புண் மாசிக்குள் மூடிக்கொண்டது. இப்போது அங்கே கறுத்த தழும்புதான் இருக்கிறது. குதிகால்தான் அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வரவில்லை. பூட்ஸைக் கழற்றிய பிறகும் காலையில் முதல் சில அடிகள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். பிசியோதெரபிப் பெண் சொல்லிக் கொடுத்தபடி துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்துப் பயிற்சி செய்வார். சில நாள் அழுகை வரும். அந்த மாத்திரையைக் கொடுத்திருக்க வேண்டாமோ என்று ஒரு நாள் நான் கேட்டேன்.

"அப்படிச் சொல்லாதே. அந்தக் கோடு உள்ளே போனதை நான் பார்த்தேன். அது போகலன்னா நான் தூங்கியே இருக்க மாட்டேன்" என்றார். துண்டை மடித்துக்கொண்டே, "ஆனா இன்னொரு தடவை தொட மாட்டேன்" என்றார்.

தொடவும் இல்லை. கோடையில் அவருக்கு நீர்க்கடுப்பு வந்து, உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த ஊரில் ஒரு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணி அங்கேயே, "இது லெவோ ஜாதியா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார். பெயர் வேறு, ஜாதி அதேதான். நடந்ததைக் கேட்டுவிட்டு மருத்துவர் சீட்டில் அதை அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினாராம். பையிலிருந்து எல்லா மாத்திரைகளையும் எடுத்து மேசையில் பரப்பிக் காட்டியதாகவும் அண்ணி சொன்னார்.

ஆடியில் என் கணவர் விடுமுறையில் வந்தபோது மூவரும் தரங்கம்பாடிக்குப் போனோம். பழைய கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் சமதரையில் அண்ணி நன்றாகவே நடந்தார். மணலில் மட்டும் இறங்கவில்லை. குழியில் குதிகால் இறங்கினால் இழுக்கும் என்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. நான் வற்புறுத்தவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு கல்மேல் உட்கார்ந்துகொண்டோம். என் கணவர் மட்டும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் நின்றார்.

"அவருக்குக் கடல்னா உசுரு" என்றார் அண்ணி. தன் கணவரைச் சொல்கிறார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி நிறையச் சொன்னார். வியாதியைப் பற்றி இல்லை. முதல் வண்டி வாங்கிய புதிதில் அதை ஓட்டத் தெரியாமல் வாய்க்காலில் இறக்கியது, பொரித்த மீன் வாசனைக்காகவே இந்த ஊருக்கு வேலை இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு வந்தது என்று ஒவ்வொன்றாக. சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது காரின் முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, மயிலாடுதுறை தாண்டும்வரை நன்றாகத் தூங்கினார்.